முள் காட்டிய எண்பது

எங்கள் வீட்டுப் பழைய காரை ஓட்டுவது அம்மாதான். அப்பா கடைசிவரை கார் ஓட்டப் பழகவே இல்லை. போன மாதம் ராஜபாளையத்தில் அதைப் பழுதுபார்க்க விட்டபோது மெக்கானிக், "இந்த மீட்டர் வேற வண்டியோடது அண்ணாச்சி. நீங்க வாங்குறப்பவே மாத்தித்தான் வித்திருக்காங்க. நாப்பதுல போனா அறுபது காட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சரியான மீட்டரை மாட்டச் சொன்னேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம். அம்மா வழக்கம்போல முள்ளை அறுபதில் வைத்து ஓட்டினாள். ஊரைத் தாண்டியதும், "ஏலே, என்ன வண்டி இன்னைக்கு இம்புட்டு வேகமாப் போகுது?" என்றாள்.

"இதாம்மா நெசமான அறுபது. இத்தனை வருசமா நீ நாப்பதுலதான் போயிருக்க."

அவள் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ஒங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தன்னைக்கு, இதே ரோட்டுலதான மதுரைக்கு எண்பதுலயே போனேன். அப்ப அது எம்புட்டுலே?"

கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"அப்ப மீட்டர் சரியாத்தாம்மா இருந்துச்சு. பொறவுதான் கெட்டுப்போச்சு" என்றேன்.

"ம்" என்றாள். மீதி வழியை மெதுவாக ஓட்டினாள். திரும்பும்போது சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போதெல்லாம் நான்தான் ஓட்டுகிறேன். அம்மா மீட்டர் பக்கம் பார்ப்பதே இல்லை. மெக்கானிக் சொன்னபோது நான் சிரித்தேன். அம்மா கேட்ட அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.