கைக்கடிகாரம் பார்த்து விளம்பிய சோறு

பூதப்பாண்டியில் பிறந்து தாழக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அழகியநாயகியைப் பற்றிப் பேச்செடுத்தால், உறவினர்கள் முதலில் சொல்வது அவள் சோறு விளம்பும் நேர்த்தியைத்தான். கல்யாணப் பந்தியில் பரிமாற அவள் கரண்டியோடு வரும்போது இலைமேல் கையை விரித்து மறுத்தவர்கள் யாரும் தப்பியதில்லை. விரலிடுக்கு வழியாகவாவது ஒரு துளி தீயல் குழம்பு இறங்கிவிடும். யாருக்கு எது பிடிக்கும் என்று அவள் கேட்டு அறிந்ததில்லை. அவர்கள் எதை முதலில் தொடுகிறார்கள் என்று பார்த்தே அறிந்தாள். பேச்சிலோ மிகுந்த சிக்கனம். கணவர் தாணுலிங்கத்திடம் அவள் பிரியமாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவருடைய தட்டில்தான் வைத்தாள்.

அந்தக் கையை ஒரு கண் மருத்துவர் கட்டிப்போட்டார்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற தாணுலிங்கத்துக்கு இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. சானல்கரையில், கால்வாய் ஓரமாக நடக்கப் போனவர் கரை எது, நிழல் எது என்று தெரியாமல் கால் தவறித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அதன்பிறகுதான் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். சர்க்கரை அதிகமாக இருப்பதால் இப்போது அறுவை செய்ய இயலாது என்றார் மருத்துவர். மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் அளவு இறங்கினால்தான் நாள் குறிக்க முடியும். உணவைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மகன் ஆதர்ஷ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, தான் கட்டிப் பழகிய கடிகாரத்தை அப்பாவுக்குக் கொடுத்தான். நாடித் துடிப்பும் நடையும் காட்டுகிற வகை. இளம்வயதில் கதிரடிக்கும் இயந்திரத்தில் பட்ட தழும்பு இடது மணிக்கட்டில் இருந்ததால், தாணுலிங்கம் எந்தக் கடிகாரத்தையும் வலது கையில்தான் கட்டுவார்.

"நடந்தா கலோரி எரியும்மா. எவ்வளவு எரிஞ்சுதுன்னு இதுல காட்டும்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆதர்ஷ் ரயிலுக்குக் கிளம்பினான்.

அழகியநாயகி அதை அடுப்படி நியாயத்தில் புரிந்துகொண்டாள். விறகு எரிந்து தீர்ந்தால் வேறு விறகு வைக்கத்தானே வேண்டும்? அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கணவரின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. எண் குறைவாக இருந்தால் மருத்துவர் சொன்ன அளவு. அதிகமாக இருந்தால் கூடுதலாக ஒரு தோசை. சில நாள் ஒரு துண்டு ஏத்தன் வாழைப்பழம். எண் பெரும்பாலும் அதிகமாகவே இருந்தது. கட்டிப்போட்ட கை அவிழ்ந்ததுபோல் அவளுக்கு இருந்தது.

ஆனிக் கடைசியில் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை இறங்கவில்லை, சற்று ஏறியும் இருந்தது. நாள் குறிக்க முடியாதென்று மருத்துவர் மறுபடியும் சொன்னார். இன்னும் தள்ளிப்போனால் அறுவையே சிக்கலாகும் என்றார்.

வீடு வந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் அழகியநாயகி கேட்டாள்.

"உள்ளதச் சொல்லுங்க. சானல்கரை சாயாக்கடையில கேறுகியளா?"

"என்னத்துக்கு?"

"பழபஜ்ஜி திங்கதுக்கு."

"அவன் பழபஜ்ஜி போடுகத நிறுத்தி எவ்வளவோ நாளாச்சு பிள்ளே. இப்பம் பப்ஸுதான்."

"அப்போ பப்ஸு திங்குகியளாக்கும். அதான் வெவரம் தெரிஞ்சிருக்கு."

தாணுலிங்கம் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"ஒரு நாளு உனக்குத் தெரியாமத் தின்னிருந்தா, பெறவு உன் முன்னால இருந்து சாப்பிட எனக்கு எறங்குமா?"

அவள் நம்பவில்லை. மறுநாள் மாலை அவர் கிளம்பியதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். கணவர் ஒரு கையைப் பூவரச வேலியின் பக்கம் நீட்டியபடியே நடந்தார். தரை நிறம் மாறும் இடங்களில் கால் பெருவிரலால் முன்னே தடவிப் பார்த்தார். பைக் சத்தம் கேட்டால் வேலியோடு ஒட்டி நின்று, சத்தம் முழுதும் அடங்கிய பிறகே அடி எடுத்து வைத்தார். சாயாக்கடைக்காரர், "அண்ணாச்சி, சாயா எடுக்கட்டா?" என்று கூப்பிட்டார். தாணுலிங்கம் குரல் வந்த திசைக்குச் சற்றுத் தள்ளிக் கையை ஆட்டிவிட்டு நடந்துபோனார்.

ஆளில்லாத பக்கம் பார்த்து அவர் கையசைத்ததை அவளால் தாங்க முடியவில்லை. குறுக்கு வழியாக முன்னரே வீடு வந்து சேர்ந்தாள். அன்றிரவு கடிகாரம் காட்டிய எண் சுமார்தான். இருந்தும், சந்தேகப்பட்ட பாவத்துக்கு ஒரு தோசை கூடவே வைத்தாள்.

ஆடிச் செவ்வாய் வந்தது. ஔவையாரம்மன் கோவிலுக்குக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டுபோகும் நாள். ஆதர்ஷ் விடுப்பு எடுத்துக் காரோடு வந்திருந்தான். அழகியநாயகி அரிசிமாவு வறுத்துக்கொண்டிருந்தாள். தாணுலிங்கம் பலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். அவளுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையை அழுத்தி ஆட்ட முடியாமல் ஆனதிலிருந்து, அந்த வீட்டில் தேங்காய் துருவுவது அவர் வேலை. துருவுவதற்குக் கண் வேண்டாம், கை போதும் என்பார். புட்டுக்கும் அவியலுக்கும் தீயலுக்கும் தேங்காய் இல்லாமல் ஒரு நாளும் அங்கே விடிந்ததில்லை. அன்று கொழுக்கட்டைப் பூரணத்துக்காக ஒரு குட்டுவப் பாத்திரம் நிறையத் துருவ வேண்டியிருந்தது.

திடீரென்று அவர் மணிக்கட்டு கிர்ரென்று அதிர்ந்தது. ஆதர்ஷ் குனிந்து பார்த்தான்.

"அப்பா, இன்னைக்கு நடக்க வேண்டிய நட முடிஞ்சாச்சுன்னு பாராட்டுது. இருந்த இடத்துல இருந்துகிட்டு எங்க போய்ட்டு வந்தீங்க?"

"சுசீந்திரம் தாண்டியாச்சு போல," என்றார் தாணுலிங்கம், கையை நிறுத்தாமல்.

அழகியநாயகி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இவ்வோ இன்னும் வாசப்படி எறங்கலல்லா மக்ளே?"

"கை ஒரே தாளத்துல ஆடினா அது நடக்கதா நெனச்சுக்கிடும்மா. அதுக்குக் காலு தெரியாது, கைதான் தெரியும்." சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துக் கடிகாரத்தின் கணக்கைத் திறந்து பார்த்தான். "அம்மா, இதுல இன்னும் என் வயசும் என் எடையும்தான் கெடக்கு. தரும்போ மாத்தணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். அந்தக் கணக்கெல்லாம் எனக்குள்ளது. என் தொந்தியையும் அப்பா தலையில ஏத்தி நடத்தியிருக்கு."

"எடைக்கும் இதுக்கும் என்ன?"

"கனமான வண்டிக்குக் கூடுதல் எண்ணெய் வேணும்லா. நாடி எப்படித் துடிக்கு, கை எப்படி ஆடுது, ஆளுக்கு என்ன வயசு, என்ன எடை, எல்லாம் சேத்து ஒரு குத்துமதிப்புச் சொல்லும். அவ்வளவுதான். அதோட, ராவு தூங்கும்போ மூச்சு விடுகதுக்கு ஆகுத செலவையும் இந்த எண்ணுல கூட்டியிருக்கும்."

"மூச்சு விடுகதுக்குமா?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் நேரத்துக்கு நேரம் சாப்பிடுகோம். தனியா ஒண்ணும் வேண்டாம்."

அழகியநாயகி அடுப்படிக்குத் திரும்பினாள். இந்த மாதங்களில் கூடுதலாக வைத்த தோசைகள் ஒவ்வொன்றும் கண்முன் வந்தன. அவர் அவளுடைய தோளுக்காகத் துருவினார். அந்தத் துருவலை நடையென்று எடுத்துக்கொண்டு அவள் அவருக்கு ஊட்டினாள். அவருடைய கண் அறுவையைத் தள்ளிப்போட்டது தன் கரண்டிதான் என்று தெரிந்தபோது, மாவு ஆறிப்போவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கோவிலில் பெண்கள் கூட்டம் நிறைந்திருந்தது. படைத்து முடித்ததும், ஆதர்ஷ் காரை எடுத்துவரப் போன வேளையில், மரத்தடியில் கணவரை உட்காரவைத்து இலைத்துண்டில் ஒரு கொழுக்கட்டையை எடுத்தாள். அதை இரண்டாகப் பிட்டாள். பிட்டு விளம்புவது அவளுக்கு வாழ்நாளில் முதல் தடவை.

"சாயாக்கடைன்னு சொன்னேன்லா," என்றாள்.

"ஆமா."

"கட நம்ம வீட்டுலதான் இருந்திருக்கு."

"நல்ல கடதானே. எனக்கு ஒரு கொறையும் கெடையாது."

"வெளையாடாதீங்க. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

தாணுலிங்கம் அரைக் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நீ வைக்கும்போ வளையல் சத்தம் கேக்கும் பிள்ளே. கூட ஒரு தடவ கேட்டா, இன்னைக்கு இவ சந்தோசமா இருக்கான்னு தெரியும். அத எப்படி வேண்டாம்ங்கது?"

அழகியநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றப் பாதியைத் தான் தின்றாள்.

அதன்பிறகு அவருடைய தட்டில் மருத்துவர் சொன்ன அளவுதான் இருந்தது. காய்கறியை மட்டும் இஷ்டத்துக்கு வைத்தாள். கடிகாரத்தில் ஆதர்ஷ் வயதையும் எடையையும் மாற்றிக் கொடுத்தான். தாணுலிங்கமும் தேங்காய் துருவும்போது அதைக் கழற்றி வைத்தார். ஆனால் அதைப் பார்த்துச் சோறு விளம்புவது நின்றது. மாலையில் அவளும் உடன் நடந்தாள். விளம்ப முடியாத கைக்கு வேலையில்லாமல் போனதாலோ என்னவோ, சானல்கரையில் அவள் பேச ஆரம்பித்தாள். எதிரே யார் வருகிறார்கள், எந்த வயலில் நடவு முடிந்தது, யார் வீட்டு மதிலுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, வேலிப்பக்கம் நீண்டிருந்த அவர் கை கீழே இறங்கியது. முதல் வாரம் பாதி வழியில் திரும்பினார்கள். பிறகு பேச்சு முடியாததால் நடையும் நீண்டது.

ஐப்பசியில் மறுபடியும் இரத்தம் கொடுத்தார்கள். முடிவைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா குறைஞ்சிருக்கே. என்ன செஞ்சீங்க?"

"வெளம்புகது கொறஞ்சுது, பேச்சு கூடிச்சு," என்றார் தாணுலிங்கம்.

மருத்துவருக்கு அது விளங்கவில்லை. வலது கண்ணுக்கு அடுத்த வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. வயல்வெளி வந்ததும் அழகியநாயகி வழக்கம்போலத் தொடங்கினாள்: பயிர் முழங்கால் உயரம், கொக்கு நிறைய இறங்கியிருக்கு, மலைமேல மழ இருட்டு.

"அடுத்த வாரம் நானே பாப்பேன்லா," என்றார் அவர்.

"பாருங்க. பாத்துக்கிட்டே நான் சொல்லுகதையும் கேளுங்க," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள்.