ஐந்து நிமிடத்தில் போடவிருந்த உள்மரை

மரை வெட்டும் டேப் உடைந்தால் ஒரு சின்னச் சத்தம்தான் கேட்கும். மன்னார்குடி சாலையில் உள்ள எங்கள் லேத் பட்டறையில் அன்று அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டும் கேட்காததுபோல் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். ஐடிஐ முடித்த திமிர் இன்னும் இறங்கவில்லை. முதலாளி பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சம்பா அறுவடை நேரம். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. பதினொரு மணிக்கு விவசாயி வசந்தா அக்கா ஓர் இரும்புக் கட்டையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வந்தார். அறுப்பு மெஷினில் கத்தியைத் தாங்கும் கட்டை அது. போல்ட் பிடிக்கும் உள்மரை தேய்ந்துபோய், மெஷின் அவர் வயலில் பாதியில் நின்றுவிட்டது.

“எவ்வளவு நேரம்மா ஆகும்? மழ வர்ற மாதிரி இருக்கு.”

“அஞ்சு நிமிஷம்க்கா. எதிர்க்கடையில டீ குடிங்க.”

துளையைப் பெரிதாக்கி, அடுத்த சைஸ் போல்ட்டுக்கு மரை வெட்ட வேண்டும். அதற்குத்தான் டேப். எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னே திருகி, கால் சுற்று பின்னே திருப்ப வேண்டும். அப்போதுதான் இரும்புச் சீவல் உடைந்து வழிவிடும். பரீட்சையில் இந்தப் பதிலுக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். ஆனால் டீக்கடையிலிருந்து அக்கா பார்க்கிறாரே என்று, பின்னே திருப்பாமல் ஒரே மூச்சாக முறுக்கினேன். அடிமூடிய துளை, சீவல் போக இடமில்லை. டேப் பாதி உள்ளே, பாதி என் கையில்.

“ஆச்சாம்மா?”

“இன்னும் அஞ்சு நிமிஷம்க்கா.”

இதையே நான்கு முறை சொன்னேன், சிரித்த முகத்தோடு வேறு. உடைந்த டேப்பில் டிரில் இறங்காது. கடைசியில் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு முதலாளிக்கு போன் போட்டேன். பந்தி இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார்: “பஞ்ச்ச வச்சு அடிச்சு நொறுக்கு. தூள ஊசியால எடு. தொள கெட்டிருந்தா இன்னும் ஒரு சைஸ் பெருசாப் போடு. அந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேண்ணே” என்று அவரிடமும் ஒரு பொய்.

நொறுக்கி, பொறுக்கி, பெரிய டேப்பை இந்த முறை பயபக்தியோடு முன்னும் பின்னும் திருகி முடிக்கையில் மணி மூன்று. ஐந்து மணிக்கு மழை கொட்டியது.

மறுநாள் மனசு கேட்காமல் வசந்தா அக்கா வயலுக்குப் போனேன். ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நெல் தண்ணீரில் படுத்துக் கிடந்தது.

“மெஷினு நல்லாத்தாம்மா ஓடுச்சு. மழதான் முந்திக்கிச்சு” என்றார்.

அப்போதுதான் டேப் உடைந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஒடஞ்ச ஒடனே சொல்லியிருக்கலாமேம்மா. நாலு ஆள விட்டு இத மட்டும் கையால அறுத்திருப்பேன். நீ அஞ்சு நிமிஷம்னு சொன்னதுனாலதான் அங்கயே ஒக்காந்திருந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது பட்டறையில் மூத்தவள் நான்தான். என் கையில் டேப் உடைவது நின்றபாடில்லை. உடைந்ததும் வெளியே போய், காத்திருப்பவரிடம் “உடைச்சிட்டேன், இன்னிக்கு முடியாமலும் போகலாம்” என்று சொல்லிவிட்டுத்தான் பஞ்ச்சைத் தேடுகிறேன்.