அப்பாவுக்கு ‘கோ’ சொல்லிக்கொடுத்த வாரம்

"...விசாவே இன்னும் வரல, அதுக்குள்ள மனுஷன ஒரு நாளைக்கு நூறு தபா போறேன் போறேன்னு சொல்ல வைக்கிறியேடி!" என்றாள் அம்மா, மிக்ஸியில் சட்னி அரைத்தபடி.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். துபாயில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் போனிலேயே இங்கிலீஷில் கேள்வி கேட்பார். முதல் தடவை, எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டதற்கு அப்பா, "நெக்ஸ்ட் வீக் ஐ கோ அண்ட் கம், சார்" என்று சொல்லிவிட்டார். "வேலைக்குப் போறியா, மார்க்கெட்டுக்குப் போறியாப்பா?" என்று சிரித்த அந்த ஆள், இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிடுவதாகச் சொன்னாராம். அம்மா அலுத்துக்கொண்ட அன்றுதான், காலை ஒன்பது மணிக்கு, அந்தப் போன்.

பள்ளி நூலகத்து இங்கிலீஷ் அகராதியும் அடிஸ்கேலுமாக ஒரு வாரம் நான்தான் வாத்தியார். ஆள் போனாலும் கோ, கரண்ட் போனாலும் கோ, பால் கெட்டுப்போனாலும் கோ. "ஷேர் ஆட்டோ கணக்கா எல்லாத்தையும் ஏத்திக்குதே!" என்று அப்பா வியப்பார். எல்லாம் வந்தது. வெறும் ‘ஐ வில் கோ’ மட்டும் வரவில்லை. நாக்கு தானாக ‘அண்ட் கம்’ என்று முடித்துவிடும். வாசலில் ஒருநாளும் மொட்டையாகப் ‘போறேன்’ சொல்லிப் பழகாத வாய்.

"கம் வேணாம்ப்பா!" ஸ்கேலால் தரையைத் தட்டினேன்.

"போறேன்னு சொல்ற வாய்தான் வரேன்னும் சொல்லணும்," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா, அப்பா ஃபெயிலாயிடுவாரு."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். பெயர், லைசென்ஸ் எல்லாம் தாண்டி அதே கேள்வி வந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். மிக்ஸி நின்றிருந்தது. நான் ஸ்கேலை உயர்த்தினேன்.

"நெக்ஸ்ட் வீக் ஐ வில்... ஐ வில் கோ, சார்." அதோடு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஓகே. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வந்துடுங்க."

என் மாணவர் பாஸ்! நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை, அதுவே எனக்கு வருத்தம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வர்றதுக்கு எந்தப் பக்கம்டி?"

‘கம்’ இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். சாமி மாடத்திலிருந்து கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்து அந்த வார்த்தையின் பக்கத்தில் அழுத்தி வைத்தாள். "ஐயோ, லைப்ரரி புக்கும்மா! மிஸ் திட்டுவாங்க!" என்று கத்தினேன். என் கவலையெல்லாம் அந்தக் கறைதான். அம்மா காதில் வாங்கவே இல்லை. புத்தகத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி, அவர் அதைச் சத்தமாகப் படிக்கும்வரை கையை இறக்காமல் நின்றாள்.