கிழங்குக்கு வைத்த பொட்டு

எனக்கு முட்டி வலி. என் சம்பந்திக்கு இடுப்பு வலி. இரண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆள் தேறாது. அப்படிப்பட்ட நாங்கள்தான் பாயா ரும்புட்டில், என் மகன் வீட்டுக்குப் பின்னால், குத்தகை நிலத்தில் மரவள்ளி நட்டோம். பத்து மாதம் குனிந்தே கிடந்தோம்.

கிளேபாங் பக்கம் கிழங்கைச் சீவி கெரெப்பெக் வறுவல் போடும் தொழிற்சாலை ஒன்று, முதல் லோடு நன்றாக இருந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இல்லையென்றால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே முற்றி விறகாகிவிடும்.

"மொத லோடு, மொட்டையாவா அனுப்புறது? பொண்ண அனுப்புற மாதிரி அனுப்பணும்," என்றார் சம்பந்தி.

"ஒங்க பொண்ண எங்க வீட்டுக்கு அனுப்புனீங்களே, அப்படியா? சரி, இன்னும் திருப்பி அனுப்பலதான்."

கிழங்கைக் கழுவி, மஞ்சள் தடவி, ஒவ்வொரு சாக்கிலும் மேலாக இருந்தவற்றுக்குக் குங்குமம் வைத்தோம். லாரியில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையில் சாக்கைப் பிரித்தால் எல்லாம் ஒரே சிவப்பு.

சரக்கு பார்க்கும் தமிழ்ப் பெண் பதறினாள். "என்ன பாட்டி இது, ரத்தமா?"

"குங்குமம்மா. நல்லது நடக்கட்டும்னு."

"சாயம் பட்டத எடுக்க முடியாது லா."

"தோலத்தான சீவப்போறீங்க?"

அவள் ஒன்றை ஒடித்துக் காட்டினாள். வெட்டுவாய் வழியாகச் சிவப்பு உள்ளேயே இறங்கியிருந்தது.

"அடுத்த வாரம் இன்னொரு லோடு கொண்டாங்க பாட்டி. அதுவும் கெட்டா வேற ஆளப் பாத்துடுவாங்க."

பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. கெடுவதற்குள் அவித்தோம், வடை தட்டினோம், மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுத்தோம். மருமகள் "இன்னிக்கும் கிழங்கா?" என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டது.

மறுவாரம் மறுபடியும் குனிந்து பிடுங்கினோம். சம்பந்தி குங்குமச் சிமிழோடு வந்து நின்றார்.

"வெக்கலன்னா சாமி கோவிச்சுக்கும்."

"வெச்சா அந்தப் பொண்ணு கோவிச்சுக்கும்."

சிமிழைப் பிடுங்கி லாரிக்காரர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். "இவர யாரும் சீவ மாட்டாங்க."

"மஞ்சளும் பூசிடாதீங்க பாட்டி," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

மதியம் அவரே போன் செய்தார். "எடுத்துக்கிட்டாங்க பாட்டி. நெலம் பூராவும் புடுங்கச் சொல்லிட்டாங்க."

சம்பந்தியிடம் சொன்னேன். அவர் கும்பிடக் கையைத் தூக்கினார். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வேலி வரை நின்ற மரவள்ளியைப் பார்த்தோம்.

"பூராவுமா?" என்றார்.