மார்கழி முடியட்டும்

ஒரு வண்டிக்கு அரசாங்கம் எப்படி வரி போடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கொட்டகலையில் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு என் பழைய சின்னக் காரே போதும். ஹட்டன் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணன்தான், இலங்கையில் வாகன இறக்குமதித் தடை நீங்கியதும் புத்தம்புது ஜீப் வாங்கப்போவதாகச் சொல்லி என் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டார்.

அவருக்கு ஆடம்பர ஆசை கிடையாது. பெரியப்பா மகன் படித்து முடித்த புத்தகங்கள், அப்பா விட்டுப்போன கடை, தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டித் தேய்த்த வேன் என்று எல்லாமே அவரிடம் இரண்டாம் கையாகத்தான் வந்து சேர்ந்தன. "ஒரு வண்டிக்காவது மொத சொந்தக்காரன் நானா இருக்கணும் தங்கச்சி" என்றார்.

விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கப்பலில் வந்து இறங்கும் விலையைவிட வரிதான் அதிகம். எஞ்சின் எத்தனை சீசி என்று பார்த்து, ஒவ்வொரு சீசிக்கும் இவ்வளவு என்று ஒரு வரி. வண்டியின் விலை ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி. இத்தனையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் இன்னொரு வரி! வரிக்கே வரி போடும் இந்த வித்தை எனக்குப் பிடித்துப்போய், பத்தாம் வகுப்புக்கு அதையே கணக்காகக் கொடுத்தேன். "டீச்சர், கேள்வி பிழைங்களா?" என்று ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சின்ன எஞ்சின் எடுத்தா எவ்வளவு வரி மிச்சம் பாருங்கண்ணே."

"எடுத்துட்டு? லிந்துலை ஏத்தத்துல நீயும் ஒங்க அண்ணியும் எறங்கித் தள்ளுவீங்களா?"

ஒரு கொழும்பு வியாபாரியிடம் ஏற்கெனவே வந்து நின்ற பெரிய எஞ்சின் ஜீப் ஒன்றை அண்ணன் பேசி முடித்தார். ஆனால் அது மார்கழி மாதம். மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள்கூட வாங்க மாட்டார்கள். வியாபாரிக்கோ வேறு கவலை. இறக்குமதி செய்த வண்டியைக் குறித்த நாளுக்குள் பதியாவிட்டால் அவர் அபராதம் கட்டவேண்டும்.

"கெடு முடியப்போகுதுங்க, பதிவ இப்பவே முடிச்சிருவோமா?" என்று தொலைபேசியில் கேட்டார்.

"மார்கழில என் பேருல ஒன்னும் வேணாங்க. தை பொறக்கட்டும்."

"சரிங்க, பதிவு வேலய நான் பாத்துக்கிறேன். நீங்க பொங்கல் முடிச்சு வாங்க."

எவ்வளவு நல்ல மனுசன் என்று ஆளுக்கொரு பக்கம் புகழ்ந்தோம். யார் பெயரில் பதியப்போகிறார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் முடிந்ததும் அண்ணன், அண்ணி, நான் மூவரும் கொழும்புக்குப் போனோம். ஜீப் பளபளவென்று நின்றது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. வியாபாரி நீட்டிய பதிவுப் புத்தகத்தில் முதல் உரிமையாளராக அவருடைய கம்பனி இருந்தது.

"அப்ப நான் ரெண்டாவது ஆளுங்களா?" அண்ணன் கேட்டார்.

"கெடு தாண்டக்கூடாதுன்னு கம்பனி பேருல போட்டேங்க. ஒங்க பேருல வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க? பேப்பர்ல மட்டுந்தான். வண்டி புதுசுங்க."

மாற்ற முடியாதா என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். உரிமையை அண்ணனுக்கு மாற்றித் தரலாம், ஆனால் முதல் பெயர் முதல் பெயர்தானாம்.

"யாரு புத்தகத்த தொறந்து பாக்கப்போறாங்க? ஏறுங்க" என்றார் அண்ணி. அண்ணன் ஏறவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார்.

"இதுல நீங்க எப்பவாச்சும் உக்காந்திருக்கீங்களா?" என்று வியாபாரியிடம் கேட்டார்.

"துறைமுகத்துல இருந்து ஓட்டிட்டு வந்ததே நான்தாங்க" என்றார் அவர் பெருமையாக.

அண்ணன் கதவை மெதுவாகச் சாத்தினார். சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தார்.

"இங்க யாரும் உக்காரலதானே?"

"இல்லைங்க."

பிளாஸ்டிக் உறை சரசரக்க அண்ணன் ஏறி உட்கார்ந்தார்.