கேட்டவர்: அண்ணன்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்குகிறது எங்கள் சின்ன மென்பொருள் கம்பெனி. கமிஷன் மண்டிகளுக்கு எடை போட்டு பில் அடிக்கும் புரோகிராம் எழுதுகிறோம். எழுதியதையெல்லாம் சேர்த்து வைக்கும் ரெப்போவைக் கட்டி மேய்ப்பது என் வேலை. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். எதற்காக மாற்றினார்கள் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. மறுவாரம் எங்களுக்கும் தெரியாது.

அதனால் ஒவ்வொரு மாற்றத்தோடும் சேர வேண்டிய கூடுதல் விவரங்களை நானே வரையறுத்தேன். 'கேட்டவர்', 'காரணம்', 'சோதித்தவர்' என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் நிரப்பாவிட்டால் ரெப்போ எதையும் வாங்கிக்கொள்ளாது. அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சில நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். கேட்டவர்: அண்ணன். அடுத்ததிலும் அண்ணன். அதற்கடுத்ததிலும் அண்ணன். எங்கள் ஊரில் முதலாளி அண்ணன், மண்டிக்காரர் அண்ணன், டீ கொண்டு வருகிறவரும் அண்ணன். 'காரணம்' கட்டத்திலாவது ஏதாவது தேறுமா என்று பார்த்தால், 'அண்ணன் சொன்னாங்க' என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

இதில் முதல் குற்றவாளி தொப்பம்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தவர். ஒரு வருடம் வேலையில்லாமல் அலைந்துவிட்டு வந்தவர், வீட்டில் கைக்குழந்தை. கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெரியவங்க பேரை மொட்டையா அடிச்சா நல்லாவா இருக்குங்கக்கா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பூ மண்டிக்காரர் படியேறி வந்தார். முதலாளி எதிரே உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"என்ன பாய் இது? அகரத்துப் பூ வெவசாயிங்க அம்புட்டுப் பேரும் மண்டி வாசல்ல நிக்கிறாங்க. எடை போட்டா அரைகுறை கிராமெல்லாம் பில்லுல காணோம். மல்லி விக்கிற வெலைக்கு உங்க புரோகிராமு பூவ முழுங்குது."

புரோகிராமை மாற்றியவர் யார் என்று ரெப்போ ஒரு நொடியில் சொல்லிவிட்டது. தொப்பம்பட்டிக்காரர் எழுந்து நின்றார்.

"யாரைக் கேட்டு மாத்துன? இப்படி இஷ்டத்துக்கு வேல பாக்குறவன் எனக்கு வேணாம். இன்னியோட நின்னுக்க" என்றார் முதலாளி.

"தப்பு என்னுதுதானுங்க" என்றார் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியை எடுத்துக்கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்தேன். "கேட்டவர் அண்ணன்னு போட்டிருக்கு."

"எந்த அண்ணன்?"

"அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். போன வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் கெளம்புற நேரம். அப்ப இந்த ரூம்ல இருந்த அண்ணன் யாரு?"

முதலாளி திரையைப் பார்த்தார். அன்று ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரரோடு போனில் பேசியபடியே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடையில சில்லறை கிராமையெல்லாம் விட்ருப்பா" என்று அவர் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். காய்கறிக்கு என்று அவர் சொல்லவில்லை. எதற்கு என்று தொப்பம்பட்டிக்காரரும் கேட்கவில்லை. எல்லா மண்டிக்கும் சேர்த்து மாற்றிவிட்டார்.

"தக்காளிக்குச் சொன்னத மல்லிக்குப் போட்டீங்களா!" என்று பூ மண்டிக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"ஏன்ப்பா, நாந்தான் சொன்னேன்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"வெளியாளு முன்னாடி உங்களை எப்படிங்க சொல்றது?"

முதலாளி கணினியைத் தன் பக்கம் இழுத்து, 'கேட்டவர்' கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு அடித்தார். அதைப் பார்த்தபோது அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் மல்லிக்குக் கிராம் திரும்பி வந்தது. தொப்பம்பட்டிக்காரர் பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பினார். முதலாளி வாசல்வரை பின்னாலேயே போனார். அதுவரை அவரை 'நீ' என்றே கூப்பிட்டுப் பழகியவர் அன்று கேட்டார்.

"நாளைக்கு வந்துருவீங்கல்ல?"

அந்தக் குரலில் இருந்த பயம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்கண்ணா. திங்கக்கெழமை வாரனுங்க."