வெட்டக்கூடாத புல்

மின்னசோட்டாவில் ஆர்டிஸ் லுண்டீன் வாங்கிய வீட்டோடு சதுப்பு நிலமும் ஒட்டிக்கொண்டு வந்தது, கூடவே ஓர் ஒப்பந்தமும். கொல்லையின் பின்பாதி அவள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அங்கே புல் வெட்டக்கூடாது, மண் கொட்டக்கூடாது, கிளை ஒடிப்பதென்றாலும் நிலக் காப்பு அமைப்பைக் கேட்க வேண்டும்.

"வரி கட்டுறது நான், குடியிருக்கிறது தவளையா?" என்று பள்ளிப் பேருந்து ஓட்டிய காலமெல்லாம் பொருமினாள். பிறகு ஒரு வசந்தத்தில் பெருங்கொக்கு ஜோடி ஒன்று கோரைக்குள் கூடு கட்டியது; அப்புறம் ஆண்டுதோறும் வந்தது. அதோடு பொருமல் நின்றது. ஒப்பந்தத்தைப் பற்றியும் கொக்கைப் பற்றியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரே கேமராவோடு வந்து நிற்கும் என்ற பயம்.

இந்த மே மாதம் இடுப்பில் அறுவை முடிந்து வீடு திரும்பியவள் பின் சன்னலைத் திறந்தாள். தண்ணீர் விளிம்பு வரை புல்லையும் கோரையையும் யாரோ ஒட்ட வெட்டியிருந்தார்கள். கொக்குகளைக் காணோம்.

பக்கத்து வீட்டு டுவேன் உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து அடுப்பில் சுட்ட, ஆவி பறக்கும் ஹாட்டிஷோடு வந்தான். அந்தத் தெருவில் யாராவது படுத்துவிட்டால் சாப்பாடு கொடுப்பதும் புல் வெட்டித் தருவதும் கேட்காமலே நடக்கும்.

"பாத்தியா? பின்னாடி காடு மாதிரி கிடந்துச்சு. ஒரே நாள்ல முடிச்சுட்டேன்!"

அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. "ரொம்ப நன்றி, டுவேன்" என்றாள். அவன் போனதும் அழுதாள்.

மறுவாரம் அமைப்பிலிருந்து பெட்ரா என்ற பெண் வருடாந்திரச் சோதனைக்கு வந்தாள். "யார் வெட்டினது?"

"நான்தான்."

பெட்ரா அவள் ஊன்றி நின்ற நடைச்சட்டத்தைப் பார்த்தாள். "இத வச்சுக்கிட்டா?"

தன் கொல்லையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டுவேன் தொப்பியைக் கழற்றியபடி வந்தான். "புளுகுறா. வெட்டினது நான். கூடாதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டேன். தப்பு என்னோடது" என்றாள் ஆர்டிஸ். பிறகு கொக்குகளைப் பற்றிச் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது.

"விதை வாங்கிப் போடட்டுமா? தண்ணி ஊத்தட்டுமா?" என்று பெட்ராவைக் கேட்டான்.

"ஒண்ணுமே செய்யாதீங்க. அதுவா வளரட்டும்."

கை ஓயாத மனுஷனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. "சும்மா இருன்னா எப்படி, ஆர்டிஸ்?"

"என்கூட வந்து உக்காரு."

கோடை முழுக்கச் சன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்து, இருவரும் புல் வளர்வதைப் பார்த்தார்கள். அடுத்த ஏப்ரலில் கோரைக்குள்ளிருந்து கொக்கின் கரகரத்த குரல் கேட்டது. டுவேன் துள்ளி எழுந்தான். கத்த வாயெடுத்தவன், வாயைப் பொத்திக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.